கழற்றும் முன் கண்டுபிடி
பழைய எம்ஜிபி கார் வாங்கியிருக்கும் இளைஞனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

1969-ஆம் வருடத்து எம்ஜிபி ஒன்றை வாங்கி பர்மிங்காமில் உன் வீட்டு ஷெட்டில் நிறுத்தியிருப்பதாகவும், வேலையெல்லாம் நீயே பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல காரியம். வாங்கப்போகும் சாமான்களின் பட்டியலையும் பார்த்தேன். புது கார்பரேட்டர், புது டிஸ்ட்ரிபியூட்டர், பெயின்ட் அடிக்க கம்ப்ரசர் எல்லாம் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டு ஒன்றும் மலிவான மல்டிமீட்டர் ஒன்றும் மட்டும் இல்லை. மற்றதையெல்லாம் அடித்துவிட்டு முதலில் அவை இரண்டையும் வாங்கு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கார் 1962-இல் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த ரகம். 1980-இல் அந்தத் தொழிற்சாலையை மூடும்வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கோடீஸ்வரர்களுக்காகச் செய்ததல்ல. மாதச் சம்பளக்காரன் வாங்கி ஓட்டட்டும் என்று, பிஎம்சி கம்பெனியின் சாதாரண குடும்பக் கார்களில் இருந்த உறுப்புகளை வைத்தே செய்தது. 1798 சிசி எஞ்சின் பி-சீரிஸ் வம்சம். நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே வம்சம்தான். 1955-இல் வந்த எம்ஜிஏ காரிலும் அதுவே இருந்தது. அம்பாசடருக்கு டேப்பட் வைத்துப் பழகிய எந்த மெக்கானிக்கிடம் உன் பானட்டைத் திறந்து காட்டினாலும், ‘அட, இது நம்ம எஞ்சினாச்சே’ என்பார்.

இதில் உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்த வண்டியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சீல் வைத்த பெட்டி கிடையாது. எந்தக் கோளாறுக்கும் காரணம் கண்ணில் படும், காதில் விழும், அல்லது மீட்டர் முள்ளில் தெரியும். அப்படியிருக்க, காரணம் தெரியாமல் ஒரு நட்டைக்கூடத் திருப்பாதே. ஐம்பது வருடம் தாண்டிய கார்களில் இன்று நாம் சரிசெய்வதில் பாதி, தேய்மானம் உண்டாக்கிய பழுதே இல்லை. முன்னால் வைத்திருந்தவர்கள் அவசரப்பட்டுக் கழற்றி, ஊகத்தில் மாட்டிவிட்டுப் போன வேலைகள். அந்த வரிசையில் நீ சேர வேண்டாம்.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள். கைப்பேசி வருவதற்கு முன்பே இந்த வழக்கம் இருந்தது. ஜான் ஹெய்ன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது, உடன் வேலை பார்த்தவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டைப் பிரித்துக் கோத்தார். கம்பெனிக் கையேடு சாதாரண ஆளுக்கு உதவாது என்று கண்டு, ஒவ்வொரு படியையும் கேமராவில் பிடித்தார். 1966-இல் அதுதான் முதல் ஹெய்ன்ஸ் கையேடாக வந்தது. உன் காருக்கும் ஒன்று இருக்கிறது. படுக்கையில் வைத்துப் படி; ஷெட்டுக்கு எடுத்துப்போய்க் கறைபடுத்த இன்னொரு பிரதி வாங்கிக்கொள்.

வேலையின் வரிசை இதுதான்: முதலில் நிற்க வேண்டும், பிறகு உடையாமல் இருக்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், அதற்கப்புறம்தான் ஓட வேண்டும். பளபளப்பு கடைசி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நிற்பதற்கு பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 4 ஊற்று. சிலிகோன் ரகமான டாட் 5-ஐ அதோடு கலக்காதே. பெடலை விட்ட பிறகும் ஒரு முன் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், உடனே காலிப்பரைப் பிரிக்கத் தோன்றும். பொறு. சக்கரம் பிடித்திருக்கும்போதே ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்து. ஆயில் சீறி வந்து சக்கரம் விடுபட்டால், காலிப்பரில் குற்றமில்லை. ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதிப்போய், ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் அடைத்திருக்கலாம். நிப்பிளைத் தளர்த்தியும் பிடி விடவில்லை என்றால்தான் காலிப்பர். அரை நிமிடச் சோதனை, ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். பின்சக்கர டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதில் பேச்சே இல்லை.

அடுத்தது உடம்பு. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது; தகடுதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பகுதி வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று சேர்த்து வெல்டிங் செய்த பெட்டி. கூரையில்லாத காருக்கு முதுகெலும்பு அதுதான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். முன் மட்கார்டுக்குப் பின்னால் சேரும் சேறு அந்த உப்பை வருடக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் மின்னும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில் நெடுக நகர்த்திப் பார். ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பார். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் உடம்பு தொய்ந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் உட்காரும் தொட்டிகளையும் துழாவு.

சில் மாற்ற வேண்டியிருந்தால் அந்த வேலையை வெல்டிங் தெரிந்தவரிடம் கொடு. ஆனால் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி அடித்து இறுக்கிய பிறகுதான் பழைய சில்லை வெட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார். இல்லாவிட்டால் தொய்ந்த நிலையிலேயே புது சில் ஒட்டிக்கொள்ளும். கதவு பிறகு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. எல்லாமே போய்விட்டது என்றாலும் கைவிட வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988-லிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடம்பும் புதிதாகச் செய்து விற்கிறது. விலையைக் கேட்டால் உன் சில் மேல் உனக்கே பாசம் வந்துவிடும்.

திரும்புவதற்கு முன்பக்கக் கிங் பின்கள். பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். ஜாக்கி போட்டு சக்கரத்தில் பளு இல்லாமல் செய்துகொண்டு அடி. கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை விடாதே. இந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போட்டவர்கள்தான் முன்பக்கத்தை முழுக்கப் பிரிக்கிறார்கள்.

இனி எஞ்சின். வண்டி திணறினால் எல்லோர் கையும் முதலில் போவது கார்பரேட்டருக்கு. உன் கை அங்கே கடைசியாகப் போகட்டும். முதலில் டேப்பட்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம். எட்டு வால்வுகளை முன்னாலிருந்து எண்ணிக்கொள். ஒரு வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வருகிற வால்வுக்கு ஃபீலர் கேஜை விடு. ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரில் பிளாட்டினம் பாயின்ட், அதுவும் 0.015 அங்குலம். பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. பிறகு பிளக், 0.025. அதன் பிறகு டைமிங். இந்த நான்கும் சரியானதும் கார்பரேட்டர் கோளாறு என்று நீ நினைத்திருந்ததில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

மீதி இருந்தால் உன் காரின் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களைக் கேள். அவையே பதில் சொல்லும். எஞ்சினைச் சூடாக்கி, ஏர் கிளீனரைக் கழற்றி, ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை கார்பரேட்டர் வாயிலும் வை. இரண்டிலும் ஒரே அளவு சீறல் கேட்க வேண்டும். கேட்கும்வரை த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்பு. பிறகு பக்கவாட்டில் உள்ள சிறு ஊசியை அழுத்தி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்து. எஞ்சின் வேகம் எகிறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தள்ளாடி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் ஜெட் நட்டை அறுகோணத்தின் ஒரு பக்கம் மட்டும் திருப்பு, மறுபடி கேள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். செய்ததை நோட்டில் எழுது. இரண்டு திருகை ஒன்றாகத் திருப்பியவனுக்கு எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. இரண்டு கார்பரேட்டரின் பிஸ்டனையும் மூடியையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடாதே. அவை ஜோடி சேர்த்துச் செய்தவை.

மின்சாரத்தைப் பற்றி லூகாஸ் கம்பெனியைக் கேலி செய்யும் பழைய ஜோக்குகளை நீயும் கேட்டிருப்பாய். சிரித்துவிட்டு மல்டிமீட்டரை எடு. விளக்கு மங்கினால், அதை எரியவிட்டபடியே பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் உடம்புக்கும் இடையே வோல்ட் பார். ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் குற்றம் பல்பில் இல்லை, துருப்பிடித்த எர்த்தில். வயர் நிறங்களை மனப்பாடம் செய்: பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே கரண்ட் ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். பழுப்பு வயருக்கு ஃபியூஸ் கிடையாது. அதனால் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்று. 1967-க்கு முந்தைய எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த். நண்பன் காருக்கு உதவப் போகும்போது இதை மறந்தால் அவனுடைய ரேடியோ புகையும்.

ஸ்பேனர் விஷயத்தில் கறாராக இரு. உன் கார் அங்குலக் கணக்கில் செய்தது. அரை அங்குல நட்டின் அளவு 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் நட்டின் மூலைகளை மழுக்கும். உதிரிபாகத்தில் இன்னொரு எச்சரிக்கை: இன்று விற்கும் ரோட்டாரும் கண்டன்சரும் எல்லாமே நல்ல தரத்தில் வருவதில்லை. புதியது மாட்டிய அன்றே வண்டி நின்றால், அந்தப் புதியதையே முதலில் சந்தேகி. ஓடிக்கொண்டிருந்த பழையதை வீசாமல் டிக்கியில் போட்டு வை.

பெட்ரோலும் மாறிவிட்டது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. வெடித்து, எஞ்சின் சூட்டின் மேல் சொட்டும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்று, ஐந்து சதவீதமே உள்ள சூப்பர் ரகத்தை ஊற்று. எஞ்சின் தலையைக் கழற்ற நேரும்போது, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடின வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

கடைசியாக, சட்டம். நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத காருக்கு 2018-லிருந்து எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை இங்கிலாந்தில் கட்டாயமில்லை. நீ கட்டாயமாகக் கொண்டுபோ. உன் வேலையை உன்னைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும். அந்தக் கட்டணம் தண்டம் ஆகாது.

முழு வண்டியையும் பிரித்துப் புதிதாக்கும் திட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வை. பிரித்துப் போட்ட கார்களில் பல, அட்டைப் பெட்டிகளாகத்தான் அடுத்தவனுக்கு விற்கப்படுகின்றன. ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள். இந்த வருடம் பிரேக் மட்டும்: ஹோஸ், சிலிண்டர், ஆயில். மார்ச்சில் மழை உப்பைக் கழுவியதும் வெளியே எடு. ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்காதே. சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை இருபது மைலாவது ஓட்டு. திரும்பி வந்ததும் ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டியது, எந்தப் பக்கம் இழுத்தது, எங்கே சத்தம் வந்தது என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. அடுத்த குளிர்காலத்து வேலை எது என்று அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் மாமா