தித்திப்பு நீரும் சிறார் பசியும்

"பசி ருசி அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. பசித்த வயிற்றுக்குப் பழஞ்சோறும் அமிழ்தாம். ஆயின், இதற்கு மாறானதொரு காட்சியைப் பல இல்லங்களிற் காண்கிறோம். நண்பகலில் அன்னை சோறு பிசைந்துகொண்டு குழந்தையின் பின்னே செல்கிறாள். குழந்தையோ வாயை இறுக மூடித் தலையை அசைக்கிறது. "பிள்ளைக்குப் பசியே இல்லை" என்று அவள் வருந்துகிறாள். பதினொரு மணிக்கு அது பருகிய ஒரு குவளைப் பழரசம் அவள் நினைவுக்கு வருவதில்லை. பானத்தை உணவென்று யாரும் எண்ணுவதில்லையன்றோ? இப்பிழையின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இனிப்புப் பானங்களென்று ஈண்டுக் குறிப்பன, புட்டியில் அடைத்த கோலா முதலியனவும், சர்பத்தும், சர்க்கரை சேர்த்த பழரசங்களுமாகும். சர்க்கரை கலவாத பழச்சாற்றையும் இவற்றொடு சேர்த்தெண்ணல் வேண்டும். சக்கை நீங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் நீரும் சர்க்கரையுமேயாதலின், உலக சுகாதார ஸ்தாபனமும் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடு ஒருங்கே வைத்து எண்ணுகிறது.

இப்பானங்கள் பசியை இருவகையில் ஏமாற்றுகின்றன.

முதலாவது வகை இளங்குழந்தைகளிடம் காணப்படுவது. அவர்தம் வயிறு சிறியது. பொழுதெல்லாம் சிறிது சிறிதாகத் தித்திப்பு நீரைப் பருகும் குழந்தைக்குச் சோற்றுக்கும் பருப்புக்கும் இடமில்லாது போகிறது. பசி அடங்குகிறது, தேகம் வளர்தற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் இரும்புச் சத்தும் கிடைத்தில. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வளர்ச்சி குன்றிய எட்டுக் குழந்தைகளைப் பற்றிக் கூறுகிறது. அவர்கள் அளவுக்கு மிஞ்சிப் பழச்சாறு பருகி வந்தவர்கள். சாற்றைக் குறைத்துத் தக்க ஆகாரம் அளித்தபின் அவர்கள் எடை ஏறியது.

இரண்டாவது வகை வளர்ந்தோரிடத்தது. மென்று விழுங்கிய உணவை உடல் கணக்கிட்டு, அடுத்த வேளை உணவைத் தானே குறைத்துக் கொள்கிறது. நீர் வடிவாய் வந்த சர்க்கரையோ வாயில் நில்லாது; வயிற்றினின்றும் விரைந்து நீங்கும். ஆதலின் அது கணக்கில் ஏறுவதில்லை. பர்டியூ சர்வகலாசாலையார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், வயது வந்தோர் பதினைவர் நாளொன்றுக்கு 450 கலோரியை நான்கு வாரம் மிட்டாயாகவும், மற்றொரு நான்கு வாரம் பானமாகவும் உட்கொண்டனர். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் ஏனைய உணவைக் குறைத்தனர். பானம் பருகிய நாட்களிற் குறைத்திலர்.

சிறாரிடத்தும் இதன் பயன் தெளிவு. நெதர்லாந்து நாட்டில் 641 சிறார்க்கு நாள்தோறும் 250 மில்லி லிட்டர் பானம் அளித்தனர். ஒரு சாரார்க்குச் சர்க்கரையுள்ளது; மறு சாரார்க்குச் சர்க்கரையில்லாதது. எவர் பெற்றது எதுவென்று எவரும் அறியார். 2012-இல் வெளியான முடிபின்படி, பதினெட்டுத் திங்களில் முன்னவர் சராசரி 7.37 கிலோவும், பின்னவர் 6.35 கிலோவும் எடை கூடினர்.

ஒரே பானம் ஒரு குழந்தையை மெலிவித்து மற்றொன்றைப் பருக்கச் செய்வது எங்ஙனமென்று வினவலாம். பசிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை அது அறுத்துவிடுகிறது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

அளவையும் நோக்குவோம். 330 மில்லி லிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரையுண்டு. அஃது 140 கலோரி தருவது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,400 கலோரி வேண்டும். இத்தகைய சர்க்கரை மொத்தக் கலோரியிற் பத்திலொரு பங்கினும் குறைவாயிருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் விதித்தது. ஒரே புட்டியில் அவ்வெல்லை முடிந்துவிடுகிறது!

இனிச் செய்யத்தக்கன யாவை? தாகத்துக்குத் தண்ணீரே தருக. பாலை உரிய வேளையில் தருக. பழத்தைப் பிழியாது பழமாகவே தருக. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குப் பழச்சாறு கூடாதென்றும், மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லி லிட்டருக்கு மேற்படலாகாதென்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் அறிவுறுத்தியது. "சோறுண்டால் பானம் தருவேன்" என்று பேரம் பேசுதலும் தவறு. சோறு தண்டனையாகவும் பானம் பரிசாகவும் குழந்தையின் மனத்திற் பதிந்துவிடும். வற்புறுத்தி ஊட்டுதலினும் பசி வருமளவும் பொறுத்தல் நன்று. பானத்தை நிறுத்திய பின்னும் உணவு வேண்டாது எடை குறையுமாயின், மருத்துவரை நாடுதல் கடன்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது தம்பி தங்கையர்க்கு அன்போடு நாம் வாங்கிச் செல்வது பெரும்பாலும் ஒரு வண்ணப் புட்டியே. அன்னையின் அடுப்பிற் சோறு வெந்துகொண்டிருக்கும் வேளையில் அப்புட்டியை நாமே திறந்து கொடுக்கின்றோம். இம்முறை நாலு வாழைப்பழம் வாங்கிச் செல்வோம். அன்பிற்கும் குறைவில்லை, அன்னை பிசைந்த சோறும் வீணாகாது.