நிலத்தடிக் குழாயின் நிலையறிதல்

புதுக்கோட்டை மாவட்டம் ஏரிகளும் குளங்களும் நிறைந்த நிலப்பகுதி. குன்றாண்டார்கோவிலில் குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் சமைத்த நம் முன்னோர், இவ்வட்டாரத்து ஏரிகளில் நீர் பாய்வதற்குத் தூம்புகளையும் அமைத்தனர். கோயிற் சிற்பம் எல்லார் கண்ணுக்கும் புலனாகும். தூம்போ நீரினடியிலும் கரையினடியிலும் மறைந்து கிடக்கும். சிற்பத்தின் விரல் ஒன்று சிதைந்தால் உடனே காண்கிறோம். தூம்பின் கல் ஒன்று பெயர்ந்தால், கரை கரைந்த பின்னரே அறிகிறோம். மறைந்திருந்து தொண்டாற்றும் பொருளைக் காலத்தே கண்டு பேணுதல் அரிய செயலாகும்.

இந்நாளைய நகரங்களில் அவ்வாறு மறைந்திருந்து பணி செய்வது பாதாளச் சாக்கடை. வீடுதோறும் சேரும் கழிவுநீரை அது சுமந்து சென்று சுத்திகரிப்பு நிலையத்திற் சேர்க்கிறது. அக்குழாய் பழுதுற்றால் கழிவுநீர் மண்ணிற் கசிந்து கிணற்று நீரைக் கெடுக்கும். புறத்தேயுள்ள நிலத்தடி நீர் விரிசல் வழியே உள்ளே புகுவதும் உண்டு. அது மண்ணையும் உடன் இழுத்து வருதலால், குழாயைச் சுற்றி வெற்றிடம் தோன்றி, ஒருநாள் சாலையே உள்வாங்கும். அன்றியும், தேங்கிய கழிவினின்று ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று எழுகின்றது. ஈரமான குழாயின் மேற்புறத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைக் கந்தக அமிலமாக மாற்ற, அவ்வமிலம் கான்கிரீட்டை அரிக்கின்றது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இவ்வரிப்பு விரைந்து நிகழும்.

இக்காற்று குழாயை மட்டுமோ அழிக்கின்றது? உள்ளே இறங்கும் மனிதனையும் கொல்கின்றது. சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும் அது, மிகுந்தவிடத்து மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். ஆதலின் மூக்கை நம்பி இறங்கினோர் பலர் மீளவில்லை. போதிய காப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குதல் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. எத்தனை இலட்சம் அளித்தாலும் போன உயிர் மீளுமோ?

எனவே மனிதன் இறங்காமலே குழாயின் உள்நிலையை அறியும் வழி வேண்டப்படுகிறது. அவ்வழியைக் கேமரா தருகின்றது. முதலில் விசை மிகுந்த நீரைப் பாய்ச்சிக் குழாயைத் துப்புரவு செய்வர். நீரோட்டத்தையும் தடுத்து நிறுத்துவர். பின்னர், விளக்கும் கேமராவும் பொருத்திய சிறு சக்கர வண்டியை ஆள்நுழைகுழி வழியே இறக்குவர். அது கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு அடுத்த குழி வரையில் ஊர்ந்து செல்லும். மேலே அமர்ந்திருப்பவர் திரையில் உட்புறத்தைக் காண்பர். வடத்தின் நீளம், பழுது எத்தனையாவது மீட்டரில் உள்ளது என்று காட்டும். குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, உச்சியைப் பன்னிரண்டு மணி என்றும், அடியை ஆறு மணி என்றும் குறிப்பர்.

கண்டால் மட்டும் போதாது. கண்டதற்கு உரிய பெயரிட வேண்டும். விரிசல், பிளவு, உடைவு, இடிவு என்னும் சொற்களை வழக்கில் நாம் மாற்றி மாற்றி ஆள்கிறோம். இத்தொழிலில் அது பொருந்தாது. கோடு மட்டும் தெரிவது விரிசல். கோடு வாய் திறந்தும் துண்டுகள் இடம் பெயராதிருப்பது பிளவு. துண்டுகள் இடம் பெயர்வது உடைவு. வடிவமே அழிவது இடிவு. ஒரே படத்தைக் காணும் இருவர் ஒரே சொல்லைக் கூறினாலன்றி அளவைக்குப் பயனில்லை. இது கருதி 1980இல் இங்கிலாந்தின் நீர் ஆராய்ச்சி மையத்தார் சாக்கடைகளின் நிலையை வகைப்படுத்தும் கையேடு ஒன்றை வெளியிட்டனர். அவ்வழி வந்த முறையில் நெடுக்கு விரிசலுக்குப் பத்து, பிளவுக்கு நாற்பது, உடைவுக்கு எண்பது, இடிவுக்கு நூற்றறுபத்தைந்து எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டன.

ஒரு மீட்டருக்குள் உள்ள பழுதுகளின் புள்ளிகளைக் கூட்டுவர். அவ்வாறு கூட்டியவற்றுள் மிகப் பெரிய தொகையே முழுக் குழாயின் தரத்தை முடிவு செய்யும். பத்துக்குக் குறைந்தால் முதல் தரம். 10 முதல் 39 வரை இரண்டாம் தரம். 40 முதல் 79 வரை மூன்றாம் தரம். 80 முதல் 164 வரை நான்காம் தரம். 165உம் அதற்கு மேலும் ஐந்தாம் தரம். ஐந்தாம் தரத்துக் குழாய் இடிந்தது, அன்றி இடியும் நிலையிலுள்ளது.

நாற்பது மீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றைக் கொள்வோம். பன்னிரண்டாம் மீட்டரில் ஒரு நெடுக்கு விரிசல். இருபத்தேழாம் மீட்டரில் ஒரு பிளவும் ஓர் உடைவும் உள்ளன. பின்னதன் தொகை 120. ஆகவே குழாய் நான்காம் தரத்தது. மொத்தப் புள்ளிகளாகிய 130ஐ நாற்பதால் வகுத்துச் சராசரி கண்டால் மூன்றேகால் வரும். அதனை நம்பினால் இக்குழாயை முதல் தரம் என்று மயங்குவோம். குழாய் இடிவது சராசரியில் அன்று, ஓரிடத்தில் அன்றோ?

வேர் புகுதல், கொழுப்புப் படிதல், வண்டல் தேங்குதல் ஆகியவற்றிற்குத் தனியே தரமிடுவர். அவை ஓட்டத்தைத் தடுப்பனவேயன்றிக் குழாயின் வலிமையை நேரே காட்டுவன அல்ல. மேலும், ஒரே தரமுடைய இரு குழாய்களுள் ஒன்று மருத்துவமனைச் சாலையின் கீழும், மற்றொன்று வெற்று நிலத்தின் கீழும் இருக்குமாயின், முன்னதையே முதலிற் செப்பனிடுவர். தரம் பழுதின் அளவைக் காட்டும். எதனை முந்திச் செய்வது என்பதை விளையும் கேட்டின் அளவு காட்டும்.

மாணவர்களே! திரையின் முன் அமர்ந்திருப்பவர் சோர்வினால் உடைவை விரிசல் என எழுதிவிட்டால், எண்பது பத்தாகும். நான்காம் தரம் இரண்டாம் தரமாகும். செப்பனிடும் வரிசையில் அத்தெரு பின்னுக்குப் போகும். பின்னொருநாள் அக்குழாய் இடிந்து அடைபடும்போது, அதனைத் திறக்க ஓர் ஏழை உழைப்பாளி குழிக்குள் இறக்கப்படலாம். ஒரு சொல் பிழைபட்டதன் விலை ஓர் உயிராக முடியலாம். ஆதலின் நீவிர் எத்தொழில் மேற்கொள்ளினும், உள்ளதை உள்ளவாறு காண்பதையும், கண்டதை அதற்குரிய சொல்லாற் கூறுவதையும் பழகிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. விரிசல், பிளவு, உடைவு, இடிவு: இவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. குழாயின் தரத்தைச் சராசரியால் முடிவு செய்யாமைக்குக் காரணம் யாது?
3. ஒரு குழாயின் இருபதாம் மீட்டரில் ஒரு நெடுக்கு விரிசலும் ஒரு பிளவும் மட்டுமே உள்ளன. அதன் தரம் யாது?