திலிங்கிட் மக்களின் குலவுடைமை

வட அமெரிக்காக் கண்டத்தின் வடமேற்குக் கோடியில், அலாஸ்கா நாட்டின் தென்கிழக்கே ஒரு வால்போல நீண்டு கிடக்கும் கடற்கரையும், அதனையடுத்து அலெக்சாந்தர் தீவுக்கூட்டம் எனப் பெயரிய நூற்றுக்கணக்கான தீவுகளும் திலிங்கிட் என்னும் பழங்குடி மக்களின் உறைவிடமாகும். மலைகள் கடலினின்றே நேரே எழுவன. மழை ஓய்வது அரிது. சரிவெங்கும் தேவதாரு முதலிய மரங்கள் செறிந்த காடு. கோடைதோறும் சால்மன் என்னும் மீன் கடலைவிட்டு ஆறுகளில் திரள்திரளாக ஏறிவரும். சில திங்கள் உழைத்து அம்மீனைப் பிடித்துப் புகையூட்டி உலர்த்தி வைத்துக்கொண்டால் குளிர்காலத்திற்கு உணவுக் கவலை இல்லை. உழவே நாகரிகத்தின் வேர் என்று கற்றுவந்த நமக்கு, ஏர்பிடித்தறியாத ஒரு கூட்டத்தார் பெரிய மரமாளிகைகளும், நுண்ணிய சிற்பங்களும், விரிந்த வாணிகமும், சிக்கலான சட்டமுறையும் உடையராய் வாழ்ந்தனர் என்பது வியப்பைத் தருவதாம்.

லிங்கிட் என்பது அவர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் சொல்; 'மக்கள்' என்பது அதன் பொருள். அவர்தம் மொழியில் ஒரு புதுமை உண்டு. இதழிரண்டும் பொருந்தப் பிறக்கும் பகர மகரங்கள் அதில் பெரும்பாலும் இல்லை. நம் புலவர் அரிதின் முயன்று பாடும் நிரோட்டகத்தை அவர்கள் ஏறக்குறைய நாடோறும் எளிதிற் பேசிவந்தனர் எனலாம்! அம்மொழி இன்று நலிந்துள்ளது. 1878-ஆம் ஆண்டில் சிட்கா நகரில் தொடங்கிய மிஷன் பள்ளியும், பின்னர் வந்த அரசாங்கப் பள்ளிகளும் பிள்ளைகள் தாய்மொழி பேசுதலைத் தடுத்துத் தண்டித்தமை அதற்கு ஒரு முதன்மைக் காரணம். மிஷன் கல்லூரி மலரில் எழுதுகின்ற நாம் இதனை மறைத்துச் செல்லுதல் முறையன்று. அதே பிரெஸ்பிட்டேரியன் சபையில் குருவாக விளங்கிய வால்ட்டர் சோபோலெஃப் என்னும் திலிங்கிட் பெரியார் (1908–2011) அம்மொழியைக் கற்பித்தும் போற்றியும் வாழ்ந்தார் என்பதும் உடன் கூறத்தக்கதே.

இனி அவர்தம் சமுதாய அமைப்பைக் காண்போம். மக்கள் அனைவரும் அண்டங்காக்கைப் பகுதியார், கழுகுப் பகுதியார் என இருபெரும் பகுதியினர். கழுகினை ஓநாய் என்று கூறும் ஊர்களும் உள. ஒரு பகுதியார் தம்முள் மணம் செய்யார். மறுபகுதியிலேயே கொள்வர், கொடுப்பர். ஒவ்வொரு பகுதியிலும் பல குலங்கள். ஒவ்வொரு குலத்திலும் பல இல்லங்கள். குலம் தாய்வழியே வருவது. நாஞ்சில் நாட்டார் முற்காலத்தில் மருமக்கள்வழி என வழங்கிய முறையை அறிந்தார்க்கு இது விளங்குவது எளிது. சிறுவன் எட்டு அல்லது பத்து வயதில் தாய்மாமன் இல்லம் சேர்ந்து, அவரிடமே வேட்டையும் குலவரலாறும் கற்பான். விடியற்காலையில் உறைபனிக் கடலில் இறங்கி நீராடி உடலை உரப்படுத்துவதும் அக்கல்வியில் அடங்கும். தந்தையோ எதிர்ப்பகுதியைச் சேர்ந்தவர். ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் இருபகுதியாரும் உளர்.

அம்மக்களின் வாழ்வனைத்திற்கும் அச்சாணியாக உள்ளது ஒரு சொல். 'அட்டூவ்' என்பது அது. 'உரிமையாக்கப்பட்ட பொருள்', 'விலைகொடுத்துப் பெற்ற பொருள்' என்று அதற்குப் பொருள் கூறுவர். குலச்சின்னம் பொறித்த தொப்பி, போர்வை, தோணி ஆகியன மட்டுமல்ல. ஒரு பாட்டு, ஒரு பெயர், ஒரு மலை, ஒரு கதை ஆகியனவும் குலத்தின் அட்டூவ் ஆகும். பிறகுலத்தார் இசைவின்றி அப்பாட்டைப் பாடலாகாது. அக்கதையைத் தமதென்று சொல்லலாகாது. விலை என்பது இங்குப் பொன்னன்று. பெரும்பாலும் முன்னோர் ஒருவரின் உயிரே அவ்விலையாகும்.

பனியாற்று விரிகுடாவின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முன்னாளில் அங்கே பசும்புல் வெளியும் மீன் நிறைந்த ஆறும் இருந்தன. சூக்கநேதி முதலிய குலத்தார் அங்கு வாழ்ந்தனர். பூப்பெய்தித் தனியே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் விளையாட்டாகப் பனியாற்றை அழைத்தாள். அது வெகுண்டு ஓடும் நாயின் விரைவில் ஊரை நோக்கி வந்தது. ஊரார் தோணியேறிப் புறப்பட்டபோது ஒருத்தி மட்டும் வர மறுத்துப் பின்தங்கினாள். அவ்விளம்பெண்ணே அவள் என்பாரும், அவளுக்கு மாற்றாக நின்ற முதியவள் என்பாரும் உளர். வீட்டோடு அவளைப் பனி விழுங்கிற்று. அன்றுமுதல் அவள் உயிரால் அப்பனியாறும், தோணியிலிருந்தோர் அழுது பாடிய பாட்டும் அக்குலத்தின் உடைமையாயின. இக்கதையைப் பழங்கதை என்று தள்ளிவிடுவார்க்கு ஒன்று கூறுவோம். 1794-ஆம் ஆண்டில் வான்கூவர் என்பாரின் கப்பலோட்டிகள் கண்டபோது அவ்விரிகுடாவின் வாயில் பனிச்சுவர் நின்றது. இன்று அப்பனி அறுபது மைலுக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பனி முன்னேறி நிலத்தை மூடிய காலம் 18-ஆம் நூற்றாண்டு என்று நிலநூலாரும் கூறுகின்றனர். அங்கிருந்து பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் ஹூனா என்னும் ஊரில் உள்ளனர். 2016-ஆம் ஆண்டில் அவ்விரிகுடாக் கரையில் முன்னோர் பெயரால் ஒரு குலமாளிகை எழுப்பி, தோணிகளில் வந்து அதனுட் புகுந்தனர்.

உடைமை என்று ஒருவர் தாமே கூறிக்கொண்டால் போதாது. எதிர்ப்பகுதியார் சாட்சி வேண்டும். அச்சாட்சிக்கு ஏற்பட்ட விழாவே 'கு-ஈக்', அதாவது அழைப்பு. ஆங்கிலேயர் 'பாட்லாட்ச்' என்பர். ஒருவர் இறந்தால் அவர் குலத்தார் பிணத்தைத் தொடார். எதிர்ப்பகுதியாரே அடக்கம் செய்து, துக்கத்தாரைத் தேற்றிப் பணிவிடை செய்வர். ஏறக்குறைய ஓராண்டு கழித்து இறந்தவர் குலத்தார் அவர்களை அழைத்து விருந்தளித்து, கம்பளியும் பணமும் பரிசும் வழங்கிக் கடனைத் தீர்ப்பர். அந்நாளில் குலத்தின் தொப்பிகளும் போர்வைகளும் வெளிவரும். இறந்தவர் பெயர் இளையவர் ஒருவருக்குச் சூட்டப்படும். பாட்டும் வரலாறும் உரைக்கப்படும். கொடையைப் பெற்றவர் அனைவரும் அவ்வுரைக்குச் சாட்சிகளாவர். மலையாட்டு மயிரும் தேவதாருப் பட்டையும் திரித்து, மகளிர் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து முடையும் சில்காட் போர்வை இவ்விழாவிலேதான் ஆடும் தோளின்மேல் தன் முழு அழகையும் காட்டும். கண்ணாடிப் பேழைக்குள் அதனைத் தொங்கவிடுதல் பாட்டை ஏட்டில் மட்டும் வைப்பது போன்றதே.

அச்சமுதாயத்தில் குறை இல்லாமலில்லை. போரிற் பிடித்தவரை அடிமைகளாக்கினர். செல்வத்தைக் காட்டும் பொருட்டு அவர்களைச் சிலவேளை விடுவித்தும் சிலவேளை கொன்றும் வந்தனர். அவ்வடிமைகளின் வரலாற்றைச் சொல்லும் குலம் ஏதுமில்லை.

நிற்க. ருஷியர் 1799-ஆம் ஆண்டில் சிட்காவில் ஒரு கோட்டை அமைத்தனர். 1802-இல் திலிங்கிட் வீரர் அதனை அழித்தனர். 1804-இல் பரனாவ் என்னும் தலைவர் 'நேவா' என்ற போர்க்கப்பலின் துணையோடு மீண்டு வந்தார். கிக்சதி குலத்தார் இளமரங்களால் அமைத்த அரணைப் பீரங்கிக் குண்டுகள் எளிதிற் பிளக்கவில்லை. காக்கைத் தலைக்கவசமணிந்து, கொல்லன் சம்மட்டியைப் படைக்கலமாக ஏந்திப் பொருத கல்யான் என்பாரின் புகழ் இன்றும் பேசப்படுகிறது. ஆயினும் வெடிமருந்தேற்றி வந்த தோணி வெடித்தழிந்தமையால், அக்குலத்தார் அரணைவிட்டு மலை கடந்து போயினர். 2004-ஆம் ஆண்டில் அப்போர்க்களத்தில் நிகழ்ந்த துக்க விழாவிற்குப் பரனாவின் வழித்தோன்றல் ஒருவரும் வந்திருந்தார்.

1867-இல் ருஷியர் அலாஸ்காவை அமெரிக்கருக்கு 72 இலட்சம் டாலருக்கு விற்றனர். தமதல்லாத நிலத்தை அவர்கள் எவ்வாறு விற்கலாம் என்று திலிங்கிட் தலைவர்கள் வினவினர். விடையில்லை. அவர்தம் முறைப்படி, ஓருயிர் போயின் அதற்குக் காரணமானவர் தக்க ஈடு தரவேண்டும். தந்தால் பகை நீங்கும். அமெரிக்க அதிகாரிகளோ ஈடு கேட்டலையே கலகமாகக் கருதினர். 1869-ஆம் ஆண்டில் சிட்காவில் காவற்படையாற் கொல்லப்பட்ட கேக் ஊராருக்கு ஈடு மறுக்கப்பட்டது. அவ்வூரார் வெள்ளையர் இருவரைப் பழிவாங்கினர். கடற்படைக் கப்பல் சென்று அவர்தம் ஊர்களை எரித்தது.

அங்கூன் என்னும் ஊரில் நேர்ந்தது இதனினும் கொடிது. 1882-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரு வாணிகக் கம்பெனியாரின் திமிங்கில வேட்டைப் படகில் எறியீட்டி வெடித்து, அங்குப் பணிசெய்த திலிங்கிட் மருத்துவப் பூசாரி ஒருவர் மாண்டார். ஊரார் வேலையை நிறுத்தித் துக்கம் காத்து, முறைப்படி 200 கம்பளி ஈடு கேட்டனர். கம்பெனியார் கடற்படையை அழைத்தனர். வந்த தளபதி, ஈடு கொடுப்பதை விடுத்து, ஊரார் 400 கம்பளி தண்டமிறுக்க வேண்டும் என்றார். குறித்த பொழுதில் முழுதும் வந்து சேராமையால், 26-ஆம் நாள் பீரங்கியால் ஊரைச் சுட்டனர்; வீடுகளைக் கொளுத்தினர்; குளிர்காலத்திற்குச் சேர்த்த உணவை அழித்தனர்; தோணிகளை உடைத்தனர். ஆறு குழந்தைகள் மாண்டனர் என்று ஊரார் கூறுவர். குளிர்காலம் வாயிலில் நின்றது. தப்பிய தோணி ஒன்றே. அதன் முகப்பில் தேஷீத்தான் குலச்சின்னமாகிய பீவர் என்னும் விலங்கின் உருவம் இருந்தது. அத்தோணியைக் கொண்டு மீனும் விறகும் தேடியே எஞ்சியோர் உயிர்பிழைத்தனர்.

1973-ஆம் ஆண்டில் அழிந்த பொருளுக்காக அரசாங்கம் 90,000 டாலர் கொடுத்தது. மன்னிப்பு என்ற சொல் அதனுடன் வரவில்லை. பொருளிழப்பிற்குப் பணமும் உயிரிழப்பிற்கு மௌனமும் ஈடாகும் என்று அட்டூவ் முறை அறிந்தோர் எங்ஙனம் ஒப்புவர்? 1999-இல் நியூயார்க்கு நகரத்துப் பொருட்காட்சி சாலைக்குச் சென்ற குலமுதியோர், அங்கே அப்பீவர் முகப்பைக் கண்டு தம்மதென அறிந்துகொண்டனர். பின்னர் அது ஊர் திரும்பிற்று. ஆண்டுதோறும் அக்டோபர் 26-ஆம் நாள் ஊரார் கூடி, மன்னிப்புக் கேட்கக் கடற்படையிலிருந்து எவரேனும் வந்துளரோ என்று மும்முறை உரக்க வினவி, விடையின்றிக் கலைவது வழக்கமாயிருந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேக் ஊரில் கடற்படையார் மன்னிப்பு வேண்டினர். அடுத்த மாதம் 26-ஆம் நாள், 142 ஆண்டுகள் நிறைந்த அதே தேதியில், கடற்படைத் தளபதி ஒருவர் அங்கூனுக்கு வந்து, குலத்தார் அனைவரும் கேட்க, அன்று செய்தது தவறென்று கூறி மன்னிப்பு வேண்டினார்.