அவையச்சம்

நாணமும் அவையச்சமும் ஒன்றெனக் கொள்வாருமுளர். திருவள்ளுவரோ நாணுடைமையை 102-ஆம் அதிகாரத்தும், அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரத்தும் வேறு வேறாக வைத்தார். முன்னது பழிக்கு நாணுதல், அதனைப் போக்கலாகாது. பின்னது கற்றதைப் பிறர்முன் சொல்லவொட்டாது தடுப்பது.

பாடம் ஒப்புவிக்க எழுந்த மாணாக்கனுக்கு நெஞ்சு படபடத்தலும் நா வறளலும் அறியாமையால் வருவனவல்ல. ஆபத்து வந்துழி ஓடுதற்கோ எதிர்த்தற்கோ உடம்பு ஆயத்தமாகும் இயல்பே ஆபத்தில்லாத இடத்தும் எழுகின்றது. (கல்வி அதிகாரி வகுப்பிற் புகுந்தவுடன் நமது குரலும் மாறுமன்றோ?) இதனை அவனுக்கு விளக்கின், அச்சத்தைக் கண்டு அஞ்சுதலாயினுங் குறையும்.

பிரம்பு காட்டிப் பேசுவித்தல் தீது. இரங்கி, "நீ இரு" என்று என்றும் விட்டுவிடுதலும் தீதே. தப்பினோம் என்னும் ஆறுதல் அச்சத்தை வளர்க்கும்.

மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னுஞ் சிறுவனைப்பற்றி 1924-இல் எழுதினார். அவன் உண்ணும்போது கூட்டிலிட்ட முயலைத் தூரத்தே வைத்து, சிறிது சிறிதாக அணுக்கினர். முடிவில் அவன் அதனைத் தொட்டு விளையாடினான்.

அம்முறையே நமக்கும் ஆம். கூச்சமுள்ள பிள்ளை முதலில் நம்மிடந் தனியே வாசிக்க; பின்னர்த் தோழனொருவன் உடனிருக்க; பின்னர்த் தன் வாங்கிலிருந்தபடியே இரண்டு வரி. ஒரு படியில் நெஞ்சு அடங்கியபின்னரே அடுத்த படி. வாணிவிழாச் சபையில் நிறுத்துதல் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது.