விமானம் வரும், வேலை வருமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் விமானி ஆகப்போகிறேன் என்று நீ சொன்னாயாம். கேட்டதும் மனம் நிறைந்தது. மறுநாளே உன் அப்பா போனில், "அண்ணே, ஆயிரம் விமானம் வாங்கப் போறாங்களாமே, மேல்காட்டை வித்துடலாமான்னு பாக்குறேன்" என்றான். போனில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. படிக்கப் போகிறவள் நீ. அதனால் இந்தக் கணக்கு உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் செங்கத்துக்கு வழி சொல்லும் மரபு ஒன்று உண்டு. இந்த ஊரை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை நூல். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், இனிமேல் போகவிருக்கும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். நன்னனின் கொடையைப் புகழ்வதோடு அவன் நிற்பதில்லை. மலைப்பாதையில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, கால் வழுக்கும் இடம் எங்கே என்றும் சொல்லித்தான் அனுப்புகிறான். அந்த முறையிலேயே நானும் சொல்கிறேன்.

அப்பா கேள்விப்பட்ட எண்கள் உண்மைதான். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது: ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. அதே ஆண்டு ஜூனில், பாரிஸ் விமானக் கண்காட்சியில், இண்டிகோ 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2024 ஜனவரியில் ஆகாசா நிறுவனம் போயிங்கிடம் 150 கேட்டது. ஓராண்டுக்குள் மொத்தம் 1,120.

இப்படி ஒரு செய்தி வந்தால் விமானிகள் கூடுகிற இடத்தில் வேறு பேச்சே இருக்காது. ஓட்டலுக்குப் போகும் வேனில், பிரீஃபிங் அறையில், எங்கும் ஒரே கேள்விதான்: "அப்போ கமாண்டு எப்போ?" வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருப்பவர் இடது இருக்கைக்குக் கேப்டனாக மாறுவதைத்தான் கமாண்டு என்போம். ஓர் ஏ320 விமானத்தை நாள் முழுக்கப் பறக்கவிட ஐந்தாறு கேப்டன்களும் அதே அளவு ஃபர்ஸ்ட் ஆபீசர்களும் தேவைப்படுவார்கள். எத்தனை விமானம் வருகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் அதை ஆறால் பெருக்கி, சீனியாரிட்டி பட்டியலில் தனக்கு மேலே இருப்பவர்களைக் கழித்து, தான் கேப்டனாகும் வருடத்தைக் குறித்துக்கொள்வார். அந்த வருடத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் உண்டு. கைக்கு வந்த வேறு வேலையை விட்டவர்களும் உண்டு.

இந்தக் கணக்கில் நான்கு விஷயங்கள் விட்டுப்போகின்றன.

முதலாவது, காலம். 2023-இல் இண்டிகோ கேட்ட அந்த 500 விமானங்களும் 2030 முதல் 2035 வரை வந்து சேர வேண்டியவை. தயாரிப்பவரே தாமதித்தால் இன்னும் தள்ளிப்போகும். போயிங் 2013-இல் அறிமுகப்படுத்திய 777எக்ஸ், 2020-இல் சேவைக்கு வரும் என்றார்கள். இப்போது 2027 என்கிறார்கள். ஏர் இந்தியா கேட்ட 470-இல் இந்த வகை விமானங்கள் 10.

இரண்டாவது, கழித்தல். நம் நிறுவனங்கள் பெரும்பாலான விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துத்தான் ஓட்டுகின்றன. குத்தகை முடிந்த விமானம் திரும்பிப் போகும், வயதானதை நிறுத்திவிடுவார்கள். புதிதாக 60 வந்து பழையது 45 போனால், கூடியது 15 தான். செய்தியில் வருவது 60.

மூன்றாவது, எஞ்சின். கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2011-லும் 2016-லும் 72, 72 என்று 144 ஏ320 நியோ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அதன் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பழுதாகி, மாற்று எஞ்சினும் கிடைக்காததால் ஏறக்குறைய பாதி விமானங்கள் தரையில் நின்றுவிட்டன என்று நிறுவனமே சொன்னது. 2023 மே மாதத் தொடக்கத்தில் சேவை நின்றது. விமானம் இருந்தும் பறக்க வழியில்லாமல் போன விமானிகள் அவர்கள்.

நான்காவது, பணம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் கடைசியாகப் பறந்தபோது அது மொத்தம் 225 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. கிங்ஃபிஷர் 2005-இல் உலகின் மிகப் பெரிய பயணி விமானமான ஏ380-இல் ஐந்து கேட்டது. ஒன்றுகூட வராமலே 2012-இல் மூடியது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2014-இல் 50 எம்ப்ரேயர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, 2017-இல் நின்றுபோனது. விமான நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே கையெழுத்தாவதுதான் ஆர்டர். விமானிக்கு அதில் எந்த வாக்குறுதியும் கிடையாது.

வாக்குப்படி வந்து சேர்ந்ததும் உண்டு. இண்டிகோ ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத 2005-இலேயே 100 ஏ320-க்கு ஆர்டர் கொடுத்தது. 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கி, இன்று நாட்டின் மிகப் பெரிய நிறுவனமாக நிற்கிறது. தொடக்கத்தில் அங்கே சேர்ந்தவர்களின் வளர்ச்சி, கண்ணெதிரே வந்து இறங்கிய விமானங்களால் வந்தது. அதனால் ஆர்டர் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதே. போன வருடம் நிஜமாக எத்தனை வந்தது, எத்தனை திரும்பிப் போனது, எத்தனை தரையில் நிற்கிறது, ஊழியருக்குச் சம்பளம் தேதியில் வருகிறதா என்று கேள். ஒரு நிறுவனத்தின் எதிர்காலம் இந்த நான்கு பதில்களில் தெரியும்.

விமானம் வாங்காமலே விமானிகளின் தேவை கூடுவதும் உண்டு. விமானிகள் களைப்போடு பறக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ புதிய பணிநேர விதிகளைக் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் அனுமதிக்கும் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டானது. 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இவை நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. விமானங்கள் இருந்தன, புதிய விதிப்படி அவற்றை ஓட்டத் தேவையான விமானிகள் போதவில்லை.

இதைக் கேட்டு, படித்து முடித்ததும் வேலை காத்திருக்கும் என்று எண்ணிவிடாதே. நாட்டில் தட்டுப்பாடு அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான். 2023-இல் மட்டும் டிஜிசிஏ 1,600-க்கும் மேற்பட்ட புதிய வணிக விமானி உரிமங்களை வழங்கியது. 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கி, முதல் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். ஒரு குடும்பம் நிலத்தை விற்கும் முன் பார்க்க வேண்டியது இந்த வரிசையின் நீளத்தைத்தான்.

ஆகவே அப்பாவுக்கு என் பதில்: இப்போது விற்க வேண்டாம். நீ செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இயற்பியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கு. அடுத்து, டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, அதன்பின் முதல் வகுப்பு. பல லட்சம் கட்டிய பிறகு நிறக்குருடு இருப்பது தெரிந்தால் யாராலும் உதவ முடியாது. மூன்றாவது, வானிலை, வழிநடத்தல், விமான விதிகள், தொழில்நுட்பத் தாள்களை முடிந்தவரை பறக்கும் முன்பே எழுதி முடித்துவிடு. வீட்டிலிருந்தே படிக்கக்கூடியவை அவை. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது. இதற்கிடையே அதன் நுழைவுத் தேர்வுக்கும் தயாராகு.

பயிற்சிக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆகும்; ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங் செலவு தனி. அதை அவசரப்பட்டுச் சொந்தக் காசில் வாங்காதே. சென்னையிலிருந்து இயங்கிய பாராமவுண்ட் ஏர்வேஸ் 2005 முதல் 2010 வரை எம்ப்ரேயர் விமானங்களை ஓட்டியது. அது நின்றபோது நாட்டில் வேறு பெரிய நிறுவனம் எதிலும் அந்த வகை இல்லை. டைப் ரேட்டிங் கையில் இருந்தும் பறக்க விமானம் இல்லாமல் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

வேலை கிடைத்த பிறகும் வேன் பேச்சு உன் காதில் விழும். கேட்டுக்கொள், அதை வைத்துக் கடன் வாங்காதே. கேப்டனுக்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். லாக்புக்கை அன்றன்றே ஒழுங்காக எழுது. ஆறு மாதத்துக்கொரு முறை வரும் சிமுலேட்டர் சோதனையைப் பயமில்லாமல் எதிர்கொள்ளும் அளவுக்குப் படித்துக்கொண்டே இரு. உடம்பைப் பார்த்துக்கொள். இவை மூன்றும் உன்னுடையவை; நிறுவனம் மூடினாலும் உன்னோடு அடுத்த இடத்துக்கு வரும். விமானங்கள் எப்போது வந்தாலும், தயாராக இருப்பவருக்குத்தான் இடது இருக்கை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வா. மருத்துவப் பரிசோதனையை முதலில் முடிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா