கட்செவி

பாம்புக்குத் தமிழில் கட்செவி என்றொரு பெயர் உண்டு. கண் + செவி. கண்ணையே செவியாக உடையது என விரியும். புறச்செவி காணாத முன்னோர் இட்ட அழகிய பெயர். ஆனால், பாம்புக்கு உட்செவி உண்டு என்கிறது விலங்கியல்.

சிறுவர்களே, பழுப்பு நிலக்கரி ஏற்றிய லாரி தெருவில் போகும்போது திண்ணை அதிர்வதை உணர்ந்திருப்பீர்கள். திருவதிகையின் கெடிலக் கரையிலோ பண்ருட்டி முந்திரித் தோப்பிலோ நீங்கள் நடக்கும்போது அத்தகைய அதிர்வு மண்வழியே பாம்பின் கீழ்த்தாடையை அடைகிறது. அங்கிருந்து ஓர் எலும்பின் வழியாக உட்செவிக்குச் செல்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது ஓரளவு உணரும். மகுடிக்கு ஆடுவதாகத் தோன்றுவதோ, அசையும் குழலைக் கண்டு தற்காப்புக்காகத் திரும்புவதேயாகும்.

நாக்கை நீட்டுவது நக்குவதற்கன்று, சீற்றமும் அன்று. பிளவுபட்ட இரு நுனிகளும் வாசனைத் துகள்களைத் திரட்டுகின்றன. மேல்வாயிலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை ஆராய்கிறது. வலப்புறம் எலிமணம் மிகுந்தால் பாம்பு வலப்புறம் திரும்பும். மூக்கும் இருக்க, நாவாலும் முகர்கிறது! பாம்பு நாவால் தடம் அறிகிறதென்றால், இருளர் மண்ணில் பாம்பின் தடம் அறிவர். அக்கலையில் வல்ல மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் இடையே குழி ஒன்று உண்டு. இருளிலும் எலியின் உடல்வெப்பத்தை அது உணரும். மலைப்பாம்பின் உதட்டோரத்திலும் இத்தகைய குழிகள் உள. நம் தோப்புகளில் திரியும் கண்ணாடி விரியனுக்கு இக்குழி இல்லை.

கண்ணுக்கு இமையில்லை, கண்ணாடி போன்ற செதில் மூடியிருக்கும். தோலுரிக்கும் முன் அச்செதில் மங்குவதால் பார்வையும் குன்றும்.

தரையதிர நடந்தால் பாம்பு விலகும் என்பர் பெரியோர். நல்ல பாம்பு பெரும்பாலும் விலகிவிடும். கண்ணாடி விரியனோ அதிர்வை உணர்ந்தும் இடம்பெயராமல் சுருண்டு கிடப்பதுண்டு. சருகின் நிறத்தில் அதனைப் பிரித்தறிவதும் அரிது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. எனவே, இரவில் தோப்புக்குச் செல்வோர் கையில் விளக்கும் காலில் செருப்பும் வேண்டும். கடிபட்டால் கட்டுப்போடாமலும் கீறாமலும், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்க. நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உள்ளது.