பாறை ஏறும் ரிமோட் காருக்கு எந்த ஸ்பிரிங்?

மாணவர்களே, கற்குவியல் மீது மெல்ல ஊர்ந்து ஏறும் ரிமோட் காரைப் பார்த்திருப்பீர்கள். ராக் கிராவ்லர் என்பார்கள். மோட்டாரில் வலு இருந்தும் சில கார்கள் நழுவி விழுகின்றன. ஒரு சக்கரம் கல்லில் ஏறியதும் வேறொரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவதே காரணம். இதைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பரில் உள்ள ஸ்பிரிங்.

ஹூக்கின் விதி

விசை = ஸ்பிரிங் மாறிலி × அமுங்கும் நீளம்.

மாறிலி பெரிதானால் ஸ்பிரிங் கடினமானது.

கணக்கிடுவோம்

நான்கு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து 24 நியூட்டன் எடையைத் தாங்குகின்றன என்க. ஒவ்வொன்றும் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதாகக் கொள்வோம். சமதரையில் ஒன்றுக்கு 6 நியூட்டன்.

மென்மையான ஸ்பிரிங் (மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன்): 6 ÷ 0.3 = 20 மி.மீ. அமுங்கும்.
கடினமான ஸ்பிரிங் (மில்லிமீட்டருக்கு 1.2 நியூட்டன்): 6 ÷ 1.2 = 5 மி.மீ. அமுங்கும்.

இப்போது முன் இடது சக்கரம் 20 மி.மீ. உயரக் கல்லில் ஏறுகிறது. காரின் உடல் சாய்ந்து, அந்த உயரத்தை நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் 5 மி.மீ. வீதம் பங்கிடும். கல் மேலுள்ள சக்கரத்திலும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள பின் வலது சக்கரத்திலும் ஸ்பிரிங் 5 மி.மீ. கூடுதலாக அமுங்கும். மற்ற இரண்டிலும் 5 மி.மீ. நீளும்.

மென்மையான ஸ்பிரிங்: இரண்டு சக்கரங்களில் 7.5 நியூட்டன், மற்ற இரண்டில் 4.5 நியூட்டன்.
கடினமான ஸ்பிரிங்: இரண்டில் 12 நியூட்டன், மற்ற இரண்டில் சுழியம்!

சுமை இல்லையேல் உராய்வும் இல்லை. கடினமான ஸ்பிரிங் கொண்ட கார் இரண்டே சக்கரங்களை நம்பி, ஏற்றப்பலகை போல் ஆடுகிறது. அவற்றில் ஒன்று பாசியில் வழுக்கினால் கைகொடுக்க வேறு சக்கரம் இல்லை.

அப்படியானால் மிக மென்மையானதே சிறந்ததா?

இல்லை. 0.1 நியூட்டன் ஸ்பிரிங் 60 மி.மீ. அமுங்க வேண்டும். ஷாக்கில் 30 மி.மீ. இடமே இருந்தால் அது அடிதட்டிவிடும். பிறகு ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை. மேலும், பக்கவாட்டுச் சரிவில் கீழ்ப்பக்க ஸ்பிரிங்குகள் அதிகம் அமுங்கி, ஈர்ப்பு மையம் அப்பக்கம் நகரும், கார் கவிழும்.

உள்ளே இருக்கும் எண்ணெய் நிற்கும் காரின் எடையைத் தாங்காது. அசைவின் வேகத்தை மட்டுமே குறைக்கும். ஆகவே முதலில் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு எண்ணெயை.

செய்து பாருங்கள்

ஒரு சக்கரத்தின் கீழ் தடித்த புத்தகத்தையும் மற்ற மூன்றின் கீழ் துண்டுத் தாள்களையும் வையுங்கள். தாள்களை மெல்ல இழுங்கள். எளிதாக வரும் தாளின் மேலுள்ள சக்கரத்தில் சுமை குறைவு.

சிந்திக்க: கடினமான ஸ்பிரிங்குடன் கார் 12 மி.மீ. கல்லில் ஏறினால், மிகக் குறைந்த சுமையுள்ள சக்கரத்தில் எத்தனை நியூட்டன் இருக்கும்? (விடை: 2.4)